தொலைபேசி, பிராட்பேண்ட் பழுதுகள்: வீட்டிலேயே கண்டறியும் முறைகள்

விதை, உரம், நீர் ஆகியவற்றைப் போன்றே தகவலும் இன்று வேளாண்மைக்கு ஓர் இடுபொருளாகிவிட்டது. பயிரில் நோய் கண்டால் உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்து ஆலோசனை பெறுகிறோம். இம்மையம் 2004 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தொடங்கப்பட்டதாகும். விலை நிலவரம், மானிய விவரம், வானிலை முன்னறிவிப்பு ஆகியவற்றைத் தமிழக அரசு 2018 ஆம் ஆண்டு வெளியிட்ட உழவன் செயலி வழியே அறிகிறோம். கைப்பேசி சிக்னல் சரிவரக் கிட்டாத தோட்ட வீடுகளில் இவற்றுக்கெல்லாம் துணையாக இருப்பது வீட்டுக்கு வரும் தொலைபேசிக் கம்பியும் பிராட்பேண்ட் இணைப்புமே.

அவ்விணைப்பு அற்றுப் போனால் இழப்பு சிறிதன்று. நெல்லில் குலைநோய் தென்பட்ட வாரத்தில் ஆலோசனை சில நாள் தள்ளிப் போனால் மருந்து தெளிக்க வேண்டிய தருணம் கடந்துவிடும். முதியோர் தனித்திருக்கும் தோட்ட வீட்டில் இரவில் 108 எண்ணை அழைக்கவும் வழியிராது. அவ்வாறிருந்தும் பலர் பழுது ஏற்பட்டவுடன் புதிய மோடம் வாங்கிவிடுகின்றனர். அல்லது "லைன் டெட்" என்று மட்டும் சொல்லிவிட்டு லைன்மேனுக்காகக் காத்திருக்கின்றனர். லைன்மேன் வந்து பார்க்கும்போது, பக்கத்து அறையில் ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் இருந்ததுதான் காரணம் என்று தெரியவரும்.

பயிர் வாடினால் உடனே மருந்துக் கடைக்கு ஓடுவது சரியன்று. மண்ணில் ஈரம் உள்ளதா, வேர் அழுகியுள்ளதா, தண்டில் துளை உள்ளதா என ஒவ்வொன்றாகப் பார்த்த பின்னரே காரணம் புலப்படும். தொலைபேசிப் பழுதுக்கும் இதே முறை பொருந்தும். முதலில் விடை காண வேண்டிய வினா ஒன்றுதான்: பழுது வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? உள்ளே எனில் நாமே சரிசெய்யலாம். வெளியே எனில் நிறுவனமே சரிசெய்ய வேண்டும்.

இணைப்பு வரும் வழி

வீட்டு இணைப்புகள் இருவகைப்படும். முதலாவது செம்புக் கம்பி இணைப்பு. தொலைபேசி நிலையத்திலிருந்து ஒரு ஜோடிக் கம்பி கம்பத்துப் பெட்டி வழியாக வீட்டின் சுவர்ப் பெட்டிக்கு வருகிறது. நிலையத்திலுள்ள பாட்டரிகள் இக்கம்பியில் 48 வோல்ட் மின்சாரம் செலுத்துவதால் ஊரில் மின்தடை ஏற்பட்டாலும் சாதாரணத் தொலைபேசி இயங்கும். குரல் 4 கிலோஹெர்ட்சுக்குக் கீழும், பிராட்பேண்ட் 25 கிலோஹெர்ட்சுக்கு மேலும் ஒரே கம்பியில் செல்கின்றன. இவ்விரண்டையும் பிரித்துக் கொடுக்கும் சிறு பெட்டியே ஸ்பிளிட்டர்.

இரண்டாவது ஃபைபர் இணைப்பு. இதில் மயிரிழை போன்ற கண்ணாடி இழை வழியே ஒளி வருகிறது. பல ஊர்களில் செம்புக் கம்பிக்கு மாற்றாக இப்போது இதுவே தரப்படுகிறது. இவ்விணைப்பில் வரும் தொலைபேசி, வீட்டிலுள்ள மோடத்தின் மின்சாரத்தைக் கொண்டே இயங்கும். எனவே மின்தடை ஏற்பட்டால் தொலைபேசியும் நின்றுவிடும். இதைப் பழுது என்று கருதலாகாது. மோடத்துக்குரிய வோல்ட் அளவில் சிறிய யு.பி.எஸ். ஒன்றை வாங்கிப் பொருத்தினால் சில மணி நேரம் தொலைபேசியும் இணையமும் தடையின்றிக் கிடைக்கும்.

செம்புக் கம்பித் தொலைபேசியில் பழுது

டயல் டோன் கேட்கவில்லையெனில் கீழ்க்கண்ட வரிசையில் சோதிக்க வேண்டும்.

1. வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தொலைபேசிகள் இருப்பின் எல்லா ரிசீவர்களும் சரியாக வைக்கப்பட்டுள்ளனவா எனப் பார்க்க வேண்டும். ஒன்று எடுத்த நிலையில் இருந்தாலும் வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு மணி அடிக்காது.

2. கார்ட்லெஸ் தொலைபேசியாயின் அதன் அடாப்டருக்கு மின்சாரம் வருகிறதா, கைப்பிடியின் பாட்டரி தேய்ந்துள்ளதா எனக் கவனிக்க வேண்டும்.

3. சுவர்ப் பெட்டியிலிருந்து செல்லும் எல்லாவற்றையும், அதாவது ஸ்பிளிட்டர், மோடம், கூடுதல் தொலைபேசி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். பின்னர் நன்றாக இயங்கும் சாதாரணத் தொலைபேசி ஒன்றைச் சுவர்ப் பெட்டியில் நேராகப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது சோதனையே மிக முக்கியமானது. டோன் தெளிவாகக் கேட்டால் பழுது வீட்டுக்குள்தான் உள்ளது. கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப இணைத்துக் கொண்டே வந்தால், எதை இணைக்கும்போது டோன் நிற்கிறதோ அதுவே பழுதான பொருளாகும். நேராகப் பொருத்தியும் டோன் இல்லையெனில் பழுது பெட்டியிலோ வெளிக் கம்பியிலோ உள்ளது.

டோன் கேட்டும் எண்ணை அழுத்தும்போது டோன் நிற்கவில்லையெனில், தொலைபேசியின் அடியிலுள்ள பொத்தான் பல்ஸ் நிலையில் இருக்கக்கூடும். அதை டோன் நிலைக்கு மாற்ற வேண்டும். அழைப்பு உள்ளே வந்து, வெளியே மட்டும் போகவில்லையெனில் கட்டணம் நிலுவையில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

மழை பெய்த மறுநாள் மட்டும் கரகரப்பு கேட்டால், வெளியே ஏதேனும் ஓர் இணைப்பில் நீர் புகுந்துள்ளது எனலாம். வெயில் வந்ததும் கரகரப்பு மறைந்துவிடுவதால் புகார் செய்யாமல் விட்டுவிடுகிறோம். ஆனால் செம்பில் களிம்பு ஏறிக்கொண்டே போய், ஒரு நாள் இணைப்பு முற்றிலும் அற்றுவிடும். எனவே கரகரப்புக் கேட்கும் நாளிலேயே புகார் செய்வது நல்லது.

செம்புக் கம்பியில் பிராட்பேண்ட் பழுது

மோடத்தில் டி.எஸ்.எல். என்று குறித்த விளக்கு நிலையாக எரிந்தால், நிலையத்துடன் தொடர்பு உள்ளது என்று பொருள். மின்னிக் கொண்டேயிருந்தால் தொடர்பு கிட்டவில்லை. தொலைபேசி மணி அடிக்கும்போதோ ரிசீவரை எடுக்கும்போதோ இணையம் அறுந்தால், ஸ்பிளிட்டர் பழுதாகியிருக்கலாம். அல்லது ஒரு தொலைபேசி ஸ்பிளிட்டருக்கு முன்பே இணைக்கப்பட்டிருக்கலாம்.

தொலைபேசியில் டோன் இல்லை, ஆனால் இணையம் மட்டும் மெதுவாக வருகிறது என்றால் வியப்படைய வேண்டாம். ஜோடியில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் இந்நிலை ஏற்படக்கூடும். இதைப் புகாரில் தெளிவாகக் குறிப்பிட்டால் லைன்மேன் நேராகக் கம்பத்துக்கே செல்வார்.

ஃபைபர் இணைப்பில் பழுது

இங்கு விளக்குகளே நமக்கு வழிகாட்டி.

எல்லா விளக்குகளும் அணைந்திருந்தால்: மின்சாரம், அடாப்டர், சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வேறு அடாப்டர் பொருத்துவதாயின் அதன் வோல்ட் அளவும் பின்னின் நேர், எதிர் முனை அமைப்பும் பழையதைப் போலவே இருத்தல் வேண்டும். ஆம்பியர் அளவு குறையலாகாது.

எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால்: ஒளி வந்து சேரவில்லை. மோடத்தின் பின்புறம் ஃபைபர் இணைப்பு தளர்ந்துள்ளதா, கம்பி கட்டில் காலிலோ கதவிடுக்கிலோ நசுங்கியுள்ளதா, எலி கடித்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். எதுவும் இல்லையெனில் பழுது வெளியே உள்ளது.

பி.ஓ.என். விளக்கு நிலையாகப் பச்சையில் எரிந்து இணையம் மட்டும் வரவில்லையெனில்: கம்பியில் குறையில்லை. கட்டண நிலுவை, பயனர் பெயர், நிறுவனத்தின் கருவி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் சிக்கல் இருக்கலாம். மோடத்தை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டு, மூன்று நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

ரீசெட் துளையில் ஊசியை விட்டு அழுத்துவதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அவ்வாறு செய்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோய், சிறு பழுது பெரும் பழுதாகிவிடும். ஃபைபர் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதும் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாதது. எனினும் கேடு தரவல்லது. கம்பியைச் சுருட்டி வைக்கும்போது இறுக்கமாக மடிக்காமல், சொம்பு வாயளவு வட்டமாகச் சுற்றி வைத்தால் போதுமானது.

மோட்டார் போடும்போது இணைப்பு அறுவது

தோட்ட வீடுகளில் அடிக்கடி காணப்படும் குறை இது. மோட்டார் போடும் நேரத்தில் ஒருவர் மோடத்தின் அருகில் நின்று கவனிக்க வேண்டும். எல்லா விளக்குகளும் அணைந்து மீண்டும் எரிந்தால், மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தால் வோல்ட் தாழ்கிறது. மோடத்துக்குச் சிறிய யு.பி.எஸ். பொருத்தினால் குறை நீங்கும். மற்ற விளக்குகள் எரிய, டி.எஸ்.எல். விளக்கு மட்டும் மின்னினால், ஸ்டார்ட்டரிலிருந்து எழும் மின் இரைச்சல் செம்புக் கம்பியைத் தாக்குகிறது. தொலைபேசிக் கம்பியை மோட்டார் கேபிளிலிருந்து விலக்கிக் கட்ட வேண்டும். ஃபைபரை இவ்விரைச்சல் தாக்காது.

வேகம் குறைந்தால்

நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் கூறுகின்றன; கைப்பேசியில் கோப்பு இறங்கும்போது மெகாபைட்டில் காட்டப்படலாம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 40 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 5 மெகாபைட் இறங்கினால் அது சரியான வேகமே.

முதலில் மோடத்துக்கு அருகிலிருந்து, கூடுமாயின் கணினியைக் கேபிளால் இணைத்துச் சோதிக்க வேண்டும். அருகில் நல்ல வேகமும் தொலைவில் குறைந்த வேகமும் இருந்தால் குறை வைஃபையில் உள்ளது. மோடத்தை இரும்புப் பீரோ, தகரக் கூரை, கனத்த மண்சுவர் ஆகியவற்றின் மறைவிலிருந்து எடுத்து, வீட்டின் நடுவில் உயரமான இடத்தில் வைக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அதிகத் தொலைவு செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அருகில் மிகுந்த வேகம் தரும். களத்து மேட்டிலிருந்து பயன்படுத்துவோர் முன்னதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கேபிளில் இணைத்தும் அதிகாலையில் நல்ல வேகமும் இரவு 8 மணிக்குக் குறைந்த வேகமும் வந்தால், அது நிறுவனத்தின் வழித்தடத்தில் உள்ள நெரிசலைக் காட்டுகிறது. இரு நேரங்களின் அளவையும் குறித்து வைத்துப் புகார் செய்ய வேண்டும்.

வெளிக் கம்பியும் இடி மின்னலும்

கம்பத்தில் ஏறுவதோ, கம்பத்துப் பெட்டியைத் திறப்பதோ நமது வேலையன்று. அறுந்து தொங்கும் கம்பி மின்கம்பியைத் தொட்டுக் கொண்டிருக்கக்கூடும். அத்தகைய கம்பியைத் தொடாமல், மற்றவர்களையும் கால்நடைகளையும் விலக்கிவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குத் தெரிவிக்க வேண்டும்.

நம் பங்குக்குச் சில முன்னெச்சரிக்கைகள் உள்ளன. கம்பியின் மேல் சாயும் கிளைகளையும் தொங்கும் தென்னை மட்டைகளையும் பருவமழைக்கு முன்பே அகற்றலாம். மின்கம்பி அருகில் செல்லும் இடமாயின் மின்வாரியத்திடம் கூறியே அகற்ற வேண்டும். வைக்கோல், கரும்பு ஏற்றிய வண்டி செல்லும் பாதையில் கம்பி தாழ்ந்திருந்தால் உயர்த்திக் கட்டச் சொல்லலாம். கரும்புச் சோகையைக் கம்பியின் கீழ் எரிப்பதும், கேபிள் புதைந்த வரப்பில் கேட்டறியாமல் பொக்லைன் விடுவதும் கூடாது.

கோடை மழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் இடி மின்னலுக்கு அறிகுறி தென்பட்டவுடன் மோடத்தின் மின் பிளக்கையும் செம்புத் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். இடி தொடங்கிய பின் கம்பிகளைத் தொடக்கூடாது. கம்பித் தொலைபேசியில் பேசவும் கூடாது.

புகார் செய்யும் முறை

"போன் வேலை செய்யவில்லை" என்பது பயன் தராத புகார். "நேற்று மாலை 6 மணி முதல் டோன் இல்லை. சுவர்ப் பெட்டியில் நேராக வேறு தொலைபேசி வைத்துப் பார்த்தும் இல்லை" என்பது பயனுள்ள புகார். இதைக் கேட்டவுடன் பழுது வெளியே உள்ளது என்பது நிறுவனத்தார்க்கு விளங்கிவிடும். புகார் எண்ணைத் தவறாமல் கேட்டுப் பெற்று, நாள், நேரத்துடன் குறித்து வைக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, புகார் மையத்தில் தீர்வு கிட்டாதவர்கள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுக்கு எழுதலாம். அதற்கு இப்புகார் எண் இன்றியமையாதது.

பண்ணைக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நிறுவனத்தின் புகார் எண், இணைப்பு எண், பயனர் பெயர், நல்ல நிலையில் எந்தெந்த விளக்குகள் எரியும் என்ற விவரம் ஆகியவற்றை இன்றே எழுதி வைப்பது நல்லது. சாதாரணத் தொலைபேசி ஒன்றையும் சோதனைக்கென எடுத்து வைக்கலாம். இம்முறைகளை வீட்டிலுள்ள பெண்களும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் அறிந்திருப்பின், நாம் வயலில் இருக்கும்போது ஏற்படும் பழுதையும் அவர்களே கண்டறிந்து புகார் செய்ய முடியும்.