கணக்குப் புத்தகத்தையும் கேள்

திருகோணமலை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாலிபர் ஐக்கியத்துக்குச் செயலாளராக இருக்கும்படி போதகர் ஐயா கேட்டதாகவும், "எனக்கு இருபத்திரண்டு வயதுதானே மாமா, பெரியாக்கள் இருக்கும்போது நான் என்னத்துக்கு" என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறாய். வேலை இருக்கிறது, விருப்பமில்லை என்றால் சொல்லு, ஒத்துக்கொள்கிறேன். வயதை மட்டும் காரணம் காட்டாதே. நம்முடைய மெதடிஸ்த சபை இந்தத் தீவில் கால் வைத்த கதையே வயது போதாதவர்களின் கதை.

1813 கடைசியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு பெரியவர்தான் இருந்தார், டொக்டர் தோமஸ் கோக். பயணத்தை ஒழுங்கு செய்தவரும் செலவுக்குப் பொறுப்பானவரும் அவரே. 1814 மே 3ஆம் திகதி நடுக்கடலில் அவர் இறந்துபோனார். மிஞ்சியவர்களில் பெரும்பாலானோர் இளைஞர்கள். கையில் பணமில்லை, பேச ஆளில்லை. திரும்பிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஜூன் 29ஆம் திகதி காலியில் வந்து இறங்கினார்கள். அங்கேயே கூடிப் பேசி, யாருக்கு எந்த ஊர் என்று தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம் போனார்கள். பென்ஜமின் கிளவ் தெற்கே தங்கிவிட்டார். இருபதைத் தாண்டிச் சில வருடங்களே ஆன அவர்தான் பின்னாளில் சிங்கள அகராதி தொகுத்தவர். வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார், அதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. வந்து ஒரு வருடம் ஆகுமுன்பே, 1815இல், இறந்தும் போனார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இலங்கையில் இல்லை, காலிக்கு வருமுன் அவர்கள் இறங்கிய பம்பாயில் இருக்கிறது. தலைவரை இழந்து வந்து இறங்கிய அந்த அந்நிய இளைஞர்களை நம்பி, அங்கே ஒரு வியாபாரி பணம் கொடுத்து உதவினார். வாலிபர் துணிந்தார்கள் என்று எல்லாரும் பிரசங்கம் செய்கிறோம். அவர்களை நம்பிக் கடன் கொடுத்த பெரியவரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

வெள்ளைக்காரர் கதைதானே என்பாய். சரி, நம்மவர்களிடம் வருகிறேன். நூற்றிருபது வருடங்களுக்கு முன்பு யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே காசு சேர்த்து, கடல் கடந்து தமிழ்நாட்டுத் தொண்டிப் பக்கத்துக்கு ஊழியரை அனுப்பினார்கள். மிஷன் பணத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1902இல் யாழ்ப்பாணம் வந்த ஒருவர் இதைப் பார்த்து வெட்கப்பட்டார். இவ்வளவு சிறிய சமூகம் இதைச் செய்யும்போது, ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவர்கள் இருக்கும் திருநெல்வேலி ஏன் செய்யவில்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளைக்காரர், வை.எம்.சி.ஏ. செயலாளர். 1903 பெப்ரவரியில் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது அவருக்கு இருபத்தெட்டு வயது. 1912இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பேராயர் பதவியில் தொடங்குகிறார்கள். நான் யாழ்ப்பாணத்து மாணவர்களின் உண்டியலில் தொடங்குவேன்.

டி. ரி. நைல்ஸ் பெயரை நீ சபையில் கேட்டிருப்பாய். யாழ்ப்பாணத்து மெதடிஸ்த குரு. 1938இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது அவருக்கு வயது முப்பது. பத்து வருடம் கழித்து ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் பிறந்தபோது, தொடக்க ஆராதனையில் இரண்டு பேர் பேசினார்கள். ஒருவர் எண்பத்து மூன்று வயது ஜோன் மொட், மற்றவர் நாற்பது வயது நைல்ஸ். அந்த மேடையை ஒழுங்கு செய்தவர்களின் புத்தியை நான் மெச்சுகிறேன். கிழவரை இறக்கிவிட்டு இளையவரை ஏற்றவில்லை, இளையவரைக் கதிரை அடுக்க அனுப்பவும் இல்லை.

நம் சபைகளில் என்ன நடக்கிறது என்று உனக்கே தெரியும். நத்தார் கீத பவனிக்கு வாலிபர் வேண்டும். பந்தல் கட்ட, ஒலிபெருக்கி பிடிக்க, சாப்பாடு பரிமாற வேண்டும். தீர்மானம் எடுக்கிற மேசைக்கு மட்டும் அவர்களை ஒருவரும் கூப்பிடுவதில்லை. பிறகு, பிள்ளைகள் கோயிலுக்கு வருவதில்லை, கொழும்புக்கும் கட்டாருக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள் என்று மூப்பர்கள் முறையிடுவார்கள். போனதற்கு வேலையும் யுத்தமும் காரணம்தான். ஆனால் இங்கே இருந்த காலத்தில் அவர்களிடம் நாம் எதை ஒப்படைத்தோம்?

நான் சொன்ன பெயர்கள் எல்லாம் ஆண்கள் என்று நீ குறித்துக்கொண்டிருப்பாய். அது உண்மை, மழுப்பப் போவதில்லை. ஞாயிறு பாடசாலையைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் பெண்கள். சபைக் கூட்டத்தில் அவர்கள் குரல் எவ்வளவு கேட்கிறது என்பதை நீ போய் உட்கார்ந்துதான் மாற்ற வேண்டும்.

ஆகவே ஓம் என்று சொல்லு, ஆனால் சில விஷயங்களைக் கேட்டு வாங்கு. கணக்குப் புத்தகத்தைக் கேள், ஐக்கியத்தின் பணம் எவ்வளவு, யார் கையில் என்று உனக்குத் தெரிய வேண்டும். சபைக் கூட்டத்தில் பேசவும் வாக்களிக்கவும் இடம் கேள். எத்தனை வருடத்துக்கு இந்தப் பொறுப்பு என்று முதலிலேயே பேசிக்கொள். முடிவில்லாத பதவிதான் நல்ல ஆட்களையும் கெடுக்கிறது. உனக்குப் பிறகு வருகிறவரையும் அது தடுக்கும்.

பெரியவர்களைத் தள்ளிவைக்காதே. துறைமுகத்தில் நான் வேலை செய்த காலத்தில் பைலட் ஏணி பிடித்துக் கப்பலில் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கே பாறை, எங்கே ஆழம் என்று அவருக்குத் தெரியும், அவர் சொன்னபடி கப்பல் திரும்பும். ஆனால் கப்பல் கப்டனுடையதுதான். வேலை முடிந்ததும் பைலட் இறங்கிப் போய்விடுவார். அப்படி ஒரு மூப்பரைத் தேடிப் பிடி. உன் சபையில் ஒருவராவது இருப்பார்.

உன் பக்கத்துக் கடமைகளும் உண்டு. காணிக்கையைத் தனியே எண்ணாதே, எப்போதும் இரண்டு பேர் வேண்டும். கூட்டக் குறிப்பை அன்றிரவே எழுதிவிடு. மூதூருக்கோ நிலாவெளிக்கோ சிறுபிள்ளைகளைக் கூட்டிப்போனால் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கு. வட்ஸ்அப்பில் செய்தி போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதே, வராதவர்களின் வீட்டுக்குப் போ. நம் மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் ஒரு சிறு பங்குதான். இந்துவும் முஸ்லிமும் சிங்களவரும் அடுத்தடுத்த வேலியில் இருக்கிறார்கள். சபைக்கு உள்ளே மட்டும் தலைமை காட்டுகிறவரால் இந்த ஊரில் பெரிதாக ஒன்றும் ஆகாது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கடல் ஏறி வந்த அந்தக் காலையில் நீ கைக்குழந்தை. கோயில்களும் பாடசாலைகளும் அகதிகளால் நிரம்பின. பெயர் பதிந்தது, சோறு சமைத்தது, காணாமற்போனவர்களைத் தேடி ஓடியது எல்லாம் பெரும்பாலும் உன் வயதுப் பிள்ளைகள். எந்த மதத்துப் பிள்ளை, எத்தனை வயது என்று ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு கூட்டங்கள் பழையபடி நடந்தன, பழைய ஆட்களே மேசையில் இருந்தார்கள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

ஐயாவிடம் இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பேசிவிடு. கணக்குப் புத்தகத்தைத் தர மறுத்தால் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா