போர்க்காலத்தில் எரிபொருளும் மின்விசையும்

மாலையில் ஒரு வீட்டில் விளக்கு எரிவதற்கு மூன்று வேண்டும்: சக்தி பிறக்கும் இடம், அதனைக் கொண்டுவரும் வழி, அதனை ஒளியாக மாற்றும் கருவி. அமைதிக் காலத்தில் நாம் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியே பேசுகிறோம். எத்தனை அணை, எத்தனை சுரங்கம் என்று கணக்கிடுகிறோம். போரால் தாக்குண்ட நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த நிபுணர்களோ வழியையும் உடன்வைத்து எண்ணுகின்றனர். சக்தி ஓரிடத்தில் குவிந்திருந்து, வரும் வழியும் ஒன்றேயாக இருப்பின், இருப்பு எவ்வளவாயினும் அது உறுதியானதன்று என்பது அவர்கள் கருத்து. இதனை மூன்று நிகழ்ச்சிகளால் விளக்கி, அகளி போன்ற மலைப்பகுதிகளில் பணியாற்றும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இதனின்று கொள்ளத்தக்கது யாது என்பதைக் காண்போம்.

1. கடல் வழி அற்றபோது

துணிச்சலும் குறும்பும் மிக்கவனை "எம்டன்" என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. அப்பெயர் வந்த வரலாறு எரிபொருளோடு தொடர்புடையது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலாகிய எம்டன் சென்னைக் கடலோரத்தில் தோன்றிக் குண்டு வீசிற்று. அதன் இலக்கு துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. ஓரிடத்தில் குவித்துவைத்த எரிபொருள் பகைவனுக்கு எளிய இலக்காகும் என்பதைச் சென்னை மக்கள் அன்றே கண்டனர்.

இரண்டாம் உலகப் போரில் நேர்ந்தது இதனினும் பெரிது. அந்நாளில் இந்தியாவில் எரிந்த மண்ணெண்ணெயில் பெரும் பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942 மார்ச் 8-இல் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பின்வாங்கிய பிரிட்டிஷார், எண்ணெய் பகைவருக்குப் பயன்படலாகாது எனக் கருதி, சிரியம் சுத்திகரிப்பு ஆலையையும், ஏப்ரல் மாதத்தில் ஏனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளையும் தாமே அழித்தனர். பிறந்த இடமும் வந்த வழியும் ஒருங்கே அற்றன. நம் நாட்டில் மண்ணெண்ணெய்க்குக் கடும் தட்டுப்பாடு உண்டாயிற்று. பெட்ரோலுக்கு 1941-லேயே பங்கீடு வந்திருந்தது.

பெட்ரோல் இல்லாத குறையைப் போக்கக் கரி பஸ்கள் ஓடின. பஸ்ஸில் ஓர் இரும்பு உலை பொருத்தி, அதில் கரியைக் குறைந்த காற்றில் எரிப்பர். அப்போது உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு இயந்திரத்தினுள் சென்று எரியும். காற்றிலுள்ள நைட்ரஜனும் உடன் கலந்திருப்பதால் இவ்வாயுவின் வெப்பம் குறைவு. ஆகையால் இயந்திரத்தின் வலிமையும் குறைந்தது. வாயு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. மாற்று எரிபொருள் கிடைத்துவிட்டால் போதும், தொல்லை தீர்ந்தது என எண்ணலாகாது என்பதற்குக் கரி பஸ் தக்க சான்று.

அதே ஆண்டுகளில் மலைநாட்டில் வேறொரு முயற்சி நடைபெற்றது. திருவிதாங்கூர் அரசு முதிரப்புழை ஆற்றில் அமைத்த பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940 மார்ச்சில் இயங்கத் தொடங்கிற்று. அதன் மின்விசையைக் கொண்டு ஆல்வாயில் 1943-இல் அலுமினியம் உருக்கும் ஆலை நடைபெற்றது. பாபநாசம் நீர்மின் நிலையம், போர் முடியுமுன்னரே, 1944-இல் பயனுக்கு வந்தது. அருவி நீருக்குக் கப்பல் வேண்டியதில்லை. எனினும் சுழலியும் மின்னாக்கியும் அந்நாளில் கப்பலில் வரவேண்டியவையே. எரிபொருள் உள்நாட்டுடையதாயினும், உதிரி உறுப்புகள் வெளிநாட்டை எதிர்நோக்கினால் வழி இன்னும் ஒன்றுதான் என்பது நோக்கத்தக்கது.

2. ஒரே கம்பி

இரண்டாம் நிகழ்ச்சி யாழ்ப்பாணத்தைச் சார்ந்தது. இலங்கையின் மத்திய மலைநாட்டில் பிறக்கும் நீர்மின்விசை, வவுனியா, கிளிநொச்சி வழியாக நீண்ட கம்பிகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டை அடைந்துவந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது அத்தொடர்பு அற்றது. பெட்ரோல், டீசல், மின்கலம் முதலியன குடாநாட்டுக்குள் செல்லத் தடை விதிக்கப்பட்டது. மலைநாட்டில் நீர் இருந்தது, மின்னாக்கிகள் சுழன்றன, வழி மட்டும் இல்லை.

மக்கள் தம் அறிவால் ஒருவாறு ஈடுசெய்தனர். ஜாம் போத்தலில் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டு, மெல்லிய திரியில் எரிக்கும் சிக்கன விளக்குகளைச் செய்தனர். அவ்வொளியில் மாணவர் படித்துப் பரீட்சை எழுதினர். சில துளி பெட்ரோலால் மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். இவை பாராட்டத்தக்கவை. ஆயினும் சிக்கன விளக்கு அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கு உதவாது. டைனமோ தோட்டத்துக்கு நீர் இறைக்காது. போர் 2009-இல் முடிந்த பின்னரே மத்திய மின்தொடர் மீண்டும் குடாநாட்டை எட்டிற்று.

3. மின்மாற்றிகள் மீது தாக்குதல்

மூன்றாவது, உக்ரேன் நாட்டின் அனுபவம். 2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யப் படையெடுப்பு தொடங்கிற்று. மார்ச் 16-இல் உக்ரேன் தன் மின்தொடரை ஐரோப்பியத் தொடருடன் இணைத்துக்கொண்டது. இதனால் அதற்கு இரண்டாவது வழி ஒன்று கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 10 முதல் ஏவுகணைகளும் ஆளில்லா விமானங்களும் நாடெங்கும் மின் அமைப்புகளை, சிறப்பாகத் துணை மின்நிலையங்களின் பெரிய மின்மாற்றிகளைத் தாக்கின. 2024-இல் மின்னாக்கும் நிலையங்களே பெரிதும் அழிக்கப்பட்டன. கீவ் நகருக்குத் தெற்கேயுள்ள டிரிப்பில்லியா அனல் நிலையம் ஏப்ரல் 11 அன்று முற்றும் சிதைந்தது.

கம்பி அறுந்தால் சில நாட்களில் இழுத்துக் கட்டலாம். பெரிய மின்மாற்றியோ கடையில் வாங்கும் பொருளன்று. ஒவ்வொன்றையும் அளவுக்கேற்பச் செய்தல் வேண்டும். அதற்குப் பல மாதங்கள், சிலவேளை ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

4. நிபுணர் கூறுவன

2024-இல் சர்வதேச எரிசக்தி முகமை உக்ரேனுக்கெனப் பத்து நடவடிக்கைகளை எடுத்துரைத்தது. அவற்றுள் நமக்குப் பாடமாவன நான்கு. மின் அமைப்புகளுக்குப் பாதுகாப்பு அளித்தல். உதிரி உறுப்புகளை விரைந்து சேர்த்தல். சிறிய மின்னாக்கிகளைப் பல இடங்களில் பரப்பி வைத்தல். அண்டை நாடுகளுடன் இணைப்பைப் பெருக்குதலோடு பயன்பாட்டில் சிக்கனம் காத்தல். நாம் கண்ட முதலிரு நிகழ்ச்சிகளும் இவற்றையே மெய்ப்பிக்கின்றன. எனினும் சிறு நிலையங்கள் பெரியவற்றின் இடத்தை முழுதும் நிரப்பா. அலுமினியம் உருக்க ஒரு பள்ளிவாசல் வேண்டும். மருத்துவமனையைக் காக்கச் சிறு மின்னாக்கி போதும். இரண்டும் தேவை என்பதே முறையான முடிவு.

5. அகளிக்கு இதனால் என்ன?

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியிலுள்ள அகளிப் பகுதியிலும், இடுக்கி மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் சுழல்வதை யாவரும் அறிவர். "காற்றாலை அருகிலிருக்க நமக்கு இருள் ஏது?" என்று மாணவர் வினவக்கூடும். இவ்வினாவுக்குத் தெளிவான விடை கூறுதல் ஆசிரியர் கடமை. இத்தகைய காற்றாலைகள் பொது மின்தொடருக்கு ஊட்டுவதற்கென அமைந்தவை. அத்தொடரின் அழுத்தத்தையும், விநாடிக்கு 50 சுற்று என்னும் அதிர்வெண்ணையும் பின்பற்றியே அவை இயங்குகின்றன. தொடர் அணைந்தால் அவையும் நிற்கும். கம்பியில் பழுது பார்ப்பவரின் உயிரைக் காக்கவும் இவ்வேற்பாடு வேண்டும். மின்கல அடுக்கு இல்லாமல், தொடரோடு மட்டும் இணைந்த கூரைச் சூரியப் பலகைக்கும் இது பொருந்தும். நண்பகல் வெயிலிலும் அது மின்தடையின்போது பயன்படாது.

ஆகவே கட்டடத்தில் சூரியப் பலகை உள்ளதா என்று மட்டும் கேட்டல் போதாது. மின்தொடர் அணைந்தபின் அது தனித்து இயங்குமா என்று கேட்டல் வேண்டும். சுகாதார நிலையத்தில் தடுப்பூசி மருந்துகள் 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருத்தல் வேண்டும். அதற்கென அமைந்த பனிச்சுவர்க் குளிர்பெட்டி நாளொன்றுக்கு எட்டு மணி நேர மின்விசையைக் கொண்டும் இந்நிலையைக் காக்கவல்லது. ஆதலால் இருக்கும் சிறிது மின்விசையை எங்கே முதலில் செலுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தல் நன்று: தடுப்பூசிப் பெட்டி, பிரசவ அறை விளக்கு, குடிநீர் இறைப்பி, செய்தித் தொடர்புக் கருவி என்பது தக்க வரிசை. போர் நேராவிடினும், பெருமழையில் மரம் சாய்ந்து கம்பி அறும் நாளில் இப்பட்டியல் உதவும்.

வகுப்பில் செய்யத்தக்கவை

1. உங்கள் பள்ளிக்கு மின்விசை எந்தத் துணை மின்நிலையத்திலிருந்து, எவ்வழியாக வருகிறது? மின்வாரிய ஊழியரைக் கேட்டறிந்து படம் வரைக. வழி ஒன்றா, இரண்டா எனக் குறிக்க.

2. ஊரிலுள்ள சூரியப் பலகைகளைக் கணக்கிடுக. அவற்றுள் மின்தடையின்போதும் இயங்குவன எத்தனை?

3. 1942-இல் மண்ணெண்ணெயும், 1990-இல் யாழ்ப்பாணத்து மின்விசையும் நின்றதற்குக் காரணங்களை ஒப்பிட்டு எழுதுக. எதில் சக்தி பிறக்கும் இடம் அழிந்தது? எதில் வழி மட்டும் அற்றது?