ஊசியும் உற்சவமும்

கேள்வி: பழைய இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னதாகப் போட்டுக்கொள்வேன். இப்போது டாக்டர் ‘லிஸ்ப்ரோ’ என்ற வேக இன்சுலினுக்கு மாற்றிவிட்டார். சித்ரா பௌர்ணமியன்று நடவாவி உற்சவத்தில் அதை எப்போது போட்டுக்கொள்வது?
(வாசகி, ஐயங்கார்குளம்)

பதில்: சகோதரி, இலையில் சாதம் விழுவது நிச்சயமான பிறகே போட்டுக்கொள்ளுங்கள், கால்மணிக்குள் முதல் கவளம் உள்ளே போய்விட வேண்டும். பழைய இன்சுலினின் மூலக்கூறுகள் ஆறாறாகக் கைகோத்துத் தோலுக்கடியில் தங்கி, மெல்லப் பிரிந்து ரத்தத்தில் கலப்பதற்கே அரைமணி பிடித்தது. 1996-இல் விற்பனைக்கு வந்த லிஸ்ப்ரோவிலோ, விஞ்ஞானிகள் இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றி வைத்ததனால் அந்தப் பிடி தளர்ந்து, அது கால்மணியில் காரியத்தைத் தொடங்கி, ஒன்றிரண்டு மணியில் உச்சத்தை எட்டி, நாலைந்து மணியில் ஓய்ந்துவிடுகிறது.

வரதராஜப் பெருமாள் காஞ்சியிலிருந்து எழுந்தருளி, படியிறங்கிக் கிணற்று மண்டபத்தில் சேவை சாதிக்கும் அந்த ராத்திரியில் நேரம் போவது யாருக்குத் தெரிகிறது? பிரசாதம் இதோ வந்துவிடும் என்று நம்பி ஊசியைப் போட்டுக்கொண்டு கூட்டத்தில் நின்றீர்களானால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், கண் இருட்டும். அத்தருணத்தில் புளியோதரை உடனே உதவாது. அது ஜீரணமாகிச் சர்க்கரையாவதற்குத் தாமதமாகும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால்மணி உட்காருங்கள். நடுக்கம் அடங்காவிட்டால் மறுபடியும் அவ்வாறே செய்து, தெளிந்ததும் சாப்பிடுங்கள். முந்தானையில் ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை முடிந்துகொண்டு புறப்படுங்கள், அம்மா.