அடுப்பங்கரைச் சுவரும் மின்கம்பியும்

குளிர் நாடுகளில் வீட்டுக் கூடத்திலேயே கணப்பு இருக்கும். அதன் பின்புறமாக மின்கம்பியைக் கொண்டு செல்லலாமா என்பது அங்குள்ளோர் கேள்வி. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கணப்புக்கு என்ன வேலை என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் சீமைக் கருவேல விறகு எரியும் அடுப்பு இருக்கிறதே! அதற்கு நேர் மேலே மிக்சிக்கான சுவிட்சுப் பலகை பொருத்திய வீடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

செம்பு உருக 1,085 பாகை செல்சியஸ் வேண்டும். எனவே கம்பியைப் பற்றிக் கவலையில்லை. கவலை அதன் உறையைப் பற்றியது. வீடுகளில் பயன்படும் சாதாரண பி.வி.சி. உறை 70 பாகை வரையில்தான் நீடித்துத் தாங்கும். அதற்கு மேல் நாள்தோறும் சூடுபட்டால், அதை வளையச் செய்யும் பொருள் மெல்ல வெளியேறி, உறை விறைத்து வெடிக்கும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. சுற்றுப்புறம் 30 பாகை எனில், மின்னோட்டத்தால் கம்பி மேலும் 40 பாகை சூடாகலாம். அடுப்புச் சுவருக்குள் 60 பாகை இருந்தால்? மீதி 10 பாகைதான். வெப்ப உயர்வு மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவது. உயர்வு கால் பங்கானால் மின்னோட்டம் பாதியாக வேண்டும். அதாவது, வெளியே 16 ஆம்பியர் தாங்கும் கம்பி அங்கே 8 ஆம்பியருக்கே தகுதியுடையது!

நம் கரையில் இன்னொரு வினையும் உண்டு. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் இரும்பை அரித்த அதே உப்புக் காற்று, நம் வீட்டுக் கம்பியின் இணைப்புகளிலும் படிகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும். செம்பு பச்சை பூக்கும். இணைப்பின் தடை உயரும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.012 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் ஒரு மீட்டர் நீளம் முழுவதிலும் 1.2 வாட் வெப்பமே பிறக்கும். அரித்த இணைப்பின் தடை 0.1 ஓம் ஆனால், விரல் நுனியளவு இடத்தில் 10 வாட்! பியூஸ் இதைத் தடுக்காதா? தடுக்காது. அதற்குத் தெரிவது மின்னோட்டத்தின் அளவு மட்டுமே. 10 ஆம்பியர் அதன் கண்ணுக்கு இயல்பானது. மேலே பனையோலைக் கூரை என்றால் விளைவை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கம்பியை வேறு சுவர் வழியே கொண்டு செல்வதே நல்லது. வழியில்லையேல் அடுப்புக்கு நேர் மேலே செல்லாமல், பக்கவாட்டில் தள்ளி, இடையில் இணைப்பே இல்லாத ஒரே கம்பியாகக் குழாய்க்குள் இழுக்கச் சொல்லுங்கள். சூடான காற்று மேல்நோக்கியே எழும் என்பதை மறவாதீர்கள். அதிக வெப்பம் தாங்கும் சிலிகோன் உறைக் கம்பியும் உண்டு, விலைதான் கூடுதல். உரிமம் பெற்ற மின்பணியாளரே இதைச் செய்ய வேண்டும். நீங்கள் கை வைக்கலாகாது.

உங்கள் பங்குக்கு ஒரு சோதனை: சமையல் முடியும் நேரத்தில், பெரியவர் ஒருவர் துணையுடன், அடுப்பின் பக்கவாட்டில் இரண்டு அடி தள்ளியும், பிறகு நேர் மேலே இரண்டு அடி உயரத்திலும் வெப்பமானியைப் பிடித்து அளந்து பாருங்கள். சுவிட்சு, கம்பி எதையும் தொடாதீர்கள். இரு அளவுகளையும் குறித்துக்கொண்டு மேற்சொன்ன கணக்கை உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள்.