ஊதியம் கருதாத் தேர்வு

காட்டுமன்னார்கோயிலை அடுத்த வீராணம் ஏரி, தான் தேக்கிய நீரைத் தான் பருகுவதில்லை. வயல்களுக்கும் சென்னை மாநகர்க்கும் வழங்குகின்றது. கல்வியும் அத்தகையதே.

மருத்துவர் சாந்தா அம்மையார் மகப்பேற்று மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்றவர். எழும்பூர் அரசு மருத்துவமனைப் பணி அவருக்குக் காத்திருந்தது. அதனை ஏற்றிருப்பின், நிலையான ஊதியம் கிட்டியிருக்கும். ஆயினும், 1954-இல் முத்துலட்சுமி அம்மையார் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையே அவர் தேர்ந்தார். தொடக்கத்தில் ஊதியமின்றியே உழைத்தார். புற்றுநோய் என்றாலே முடிவு என மக்கள் அஞ்சிய காலம் அது. பிறர் தயங்கிய இடத்திலேதான் மருத்துவரின் தேவை மிகுதியாயிருந்தது. 2021-இல் மறையும் வரை அம்மையார் அந்நிறுவனத்தை விட்டு நீங்கினாரல்லர்.

மாணவர்களே! துறையைத் தேரும்போது, ‘எவ்வளவு கிடைக்கும்?’ என்பதற்கு முன், ‘என்னை யார் எதிர்நோக்கியிருக்கின்றனர்?’ என வினவுமின்.