ஓ.பி.க்குப் போனாலே படுக்கவைத்துவிடுவார்களா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் இரண்டு மாதமாகப் பள்ளிக்குப் போக மறுக்கிறாள். தூக்கமில்லை, யாரிடமும் பேச்சில்லை. மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார் ஆசிரியை. “ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடுவார்கள்” என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மாமியாரின் பயம் பழைய சினிமா தந்த பயம். பிள்ளைகளுக்கான மனநல சிகிச்சையில் பெரும்பகுதி ஓ.பி.யிலேயே முடிந்துவிடுகிறது. மருத்துவர் உங்களிடமும் மகளிடமும் தனித்தனியாகப் பேசுவார். அவள் பேசும்போது வெளியே உட்காருங்கள். கதவோரம் காது வைக்க வேண்டாம்! பயமா, மனச்சோர்வா, பள்ளியில் யாராவது சீண்டுகிறார்களா என்று பார்ப்பார்கள். பிறகு வாரம் ஒருமுறை கவுன்சலிங், தேவைப்பட்டால்தான் மாத்திரை. அதுவும் பலன் தெரியச் சில வாரங்களாகும், நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வாரம் ஒருமுறை போதாத பிள்ளைகளுக்குச் சில இடங்களில் பகல்நேர சிகிச்சை உண்டு. காலையில் போய், மாலையில் வீடு திரும்பலாம்.

18 வயதுக்குட்பட்டவரை நினைத்தவுடன் உள்நோயாளியாகச் சேர்த்துவிட முடியாது. வேறு வழியில்லாத நிலையில் மட்டுமே சேர்க்கலாம் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். பெரியவர்களோடு தங்கவைக்கவும் கூடாது.

அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு இருக்கும். ஓ.பி. சீட்டுக்குக் கட்டணமில்லை. அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமானால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருக்கிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சாவைப் பற்றி அவள் பேசினாலோ, கையைக் கீறிக்கொண்டாலோ ஓ.பி. நாளுக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

இரண்டு மாதம் போய்விட்டது. பொதுத்தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே கிளம்புங்கள்.