அக்ரிலிக் தகட்டைச் செம்மையாய் வெட்டும் முறை

எமது பாட்டனார் விட்டுச் சென்ற ஓலைச்சுவடிகள் சில எம் இல்லத்து அலமாரியில் இருக்கின்றன. சென்ற கோடை விடுமுறையில் அவ்வலமாரியின் கண்ணாடிக் கதவு உடைந்துபோயிற்று. திறந்த அலமாரியிலே தூசியும் பூச்சியும் புகும். புகுந்தால் ஏடு எஞ்சாது. மீண்டும் கண்ணாடியிட்டால், சிறுவர் ஓடியாடும் வீட்டில் அஃது எத்துணை நாள் நிலைக்கும்? ஆதலின், எளிதில் நொறுங்காத அக்ரிலிக் தகடே தக்கதென்று துணிந்தோம். துணிந்தது எளிது, வெட்டியது எளிதன்று. அம்முயற்சியில் யாம் கற்றவற்றை நம் கல்லூரி அன்பர்க்குப் பயன்படுமாறு ஈண்டு எழுதலாயினோம்.

முதற்கண் இப்பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். அக்ரிலிக் என்று நாம் வழங்குவது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் செயற்கைப் பொருளாம். 1933-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலறிஞர் ஓட்டோ ரோம் இதனைப் பிளெக்ஸிகிளாஸ் என்னும் பெயரால் பதிவு செய்தார். இரண்டாம் உலகப்போரில் விமானமோட்டிகளின் தலைக்கு மேலுள்ள ஒளிபுகு கூண்டுகள் இதனாற் செய்யப்பெற்றன. கண்ணிற் புகுந்த இதன் சிதறல்கள் பெருந்தீங்கு விளைக்காமை கண்ட ஹெரால்ட் ரிட்லி என்னும் மருத்துவர், 1949-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில், இப்பொருளாலாகிய வில்லையைக் கண்ணுள் வைத்துச் சிகிச்சை செய்தார். இது நூற்றுக்கு 92 பங்கு ஒளியைத் தன்னூடே செல்லவிடும். எடையோ கண்ணாடியிற் பாதியளவே. எனினும் இதற்கு இரண்டு குறைகள் உள. சுமார் 105 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இளகும். சிறிது உராய்ந்தாலும் கீறல் ஏற்கும். வெட்டும் கலை முழுவதும் இவ்விரண்டையும் அறிந்து நடத்தலேயாம்.

யாம் 3 மில்லிமீட்டர் கனமுள்ள தகடுகள் இரண்டு வாங்கினோம். முதல் தகட்டின்மேல் மூன்று முறை விரைந்து கீறி, முழங்காலில் வைத்து வளைத்தோம். பிளவு பாதிவரை கோட்டின் வழியே வந்து, பின்பு பக்கவாட்டில் ஓடிற்று, தகடு பயனற்றதாயிற்று. எஞ்சியது ஒன்றே, மற்றொன்று வாங்கக் கையிற் பொருளும் இல்லை. அன்றிரவு யாம் எம் பிழையின் காரணத்தை ஆராயத் தொடங்கினோம்.

1921-ஆம் ஆண்டில் கிரிஃபித் என்னும் ஆங்கிலப் பொறியறிஞர், கண்ணாடி போன்ற பொருள்கள் தம்மிடத்துள்ள நுண்ணிய கீறல்களின் நுனியிலிருந்தே உடைகின்றன என்று விளக்கினார். வளைக்குங்கால் விசையெல்லாம் அந்நுனியிலே திரளும். கீறல் ஆழமாயும் இடையறாதும் இருப்பின் பிளவு அதன் வழியே செல்லும். ஆழங் குறைந்த இடத்தே தன்மனம் போனவாறு செல்லும். எனவே தகட்டை உடைப்பது கையின் வலிமையன்று. கீறலின் ஒழுங்கே என்பது புலனாயிற்று.

மறுநாள் செய்த முறை இது. தகட்டின்மேல் ஒட்டியுள்ள காப்புத்தாளை உரிக்கலாகாது. கோடு வரைதற்கும் மேற்பரப்பைக் காத்தற்கும் அது வேண்டும். வெயிலில் விரியும் பொருளாதலின், சட்டத்தின் அளவினும் சிறிது குறைத்துக் குறித்துக்கொண்டோம். எஃகு அளவுகோலைக் கோட்டின்மேல் இறுக்கி, கடைகளில் அக்ரிலிக் கட்டர் என விற்கும், கொக்கி போன்ற நுனியுள்ள கத்தியால், ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீராக இழுத்தோம். முதல் இழுப்பு மெல்லியதாதல் வேண்டும், அது வழிகாட்டுவது. பின்பு பத்துப் பன்னிரண்டு முறை இழுக்க, கனத்தில் மூன்றிலொரு பங்கு ஆழமுள்ள பள்ளம் அமைந்தது. அப்பள்ளம் மேல்நோக்கியிருக்க, மேசையின் விளிம்போடு அதனைப் பொருத்தி, உட்பகுதியைப் பலகையால் அழுத்தி, வெளிப்பகுதியை ஒரே மூச்சிற் கீழ்நோக்கி அழுத்தினோம். ‘டக்’கென்னும் ஒலியோடு தகடு நேராகப் பிரிந்தது! கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிதலை மறத்தலாகாது.

6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கனத்துக்கும் வளைந்த வடிவுக்கும் இம்முறை உதவாது; வாள் வேண்டும். அங்கே முதற்குறையாகிய இளகுதல் இடையூறு செய்யும். வாளை விரைந்து இழுப்பின் தூள் உருகி, வெட்டிய வழியையே மீண்டும் ஒட்டிவிடும். நுண்பல் ஹேக்ஸாவினால் மெதுவாகவும் இடையிடையே நிறுத்தியும் அறுத்தால் அவ்விடையூறு நீங்கும்.

வெட்டிய விளிம்பை முதலில் அரத்தாலும், பின்பு நீரில் நனைத்த உப்புத்தாளாலும், முரடானது முதல் நுண்ணியது ஈறாக முறையே தேய்த்தல் வேண்டும். துடைத்தற்குச் சோப்பு நீரே போதும். ஸ்பிரிட் கொண்டு துடைத்தால் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும்.

இன்று அச்சுவடிகள் புதிய கதவின் பின்னே தூசியின்றி விளங்குகின்றன. அவற்றை எழுதியோரும், எழுத்தாணியை மிக அழுத்தின் ஓலை கிழியும், மிக மென்மையாய்ப் பிடிப்பின் எழுத்துத் தோன்றாது என்றறிந்து, அளவோடு கீறியோரே. அவர்தம் ஏட்டைக் காக்கப் புகுந்த யாம், ஒரு தகட்டை இழந்த பின்னரே அவர் கையின் பொறுமையைக் கற்றோம். நண்பர்கள் இழவாமலே கற்பாராக.